ஒன்றும் சொல்லாத கட்டடம்

ஹம்பர்க்கில் நான் குடியிருக்கும் வீட்டில் மழை சத்தமில்லாமல் பெய்யும். மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட ஜன்னல். மூடிவிட்டால் எதிரே மரம் ஆடுவது தெரியும், தண்ணீர் கோடு கோடாக வழிவது தெரியும், காதுக்கு மட்டும் ஒன்றும் வராது. வந்த புதிதில் மழை பிடித்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, ஹீட்டர் அணையாமல் பழுதா, ஆள் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார். மழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். மழையைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நாளைக்கு நின்றுவிடும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாதிரி ஜன்னல்களை வரைவதுதான் என் பிழைப்பு. செய்யூர் பக்கம் வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற குடும்பத்திலிருந்து ஒரு பெண் கட்டடக்கலை படித்து வெளிநாட்டுக்குப் போனதில் எங்கள் வீட்டுக்கு நிறையப் பெருமை. எனக்கும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் அண்ணனுக்குப் படூரில் அடுக்குமாடி வீடு வாங்கினேன்.

அண்ணன் ஏழுமலை என்னைவிட மூன்று வயது பெரியவன். கல்லூரி முடிக்கிற வயதில் பார்வை மங்கத் தொடங்கி, முப்பதுக்குள் முழுக்கப் போய்விட்டது. படூரில் ஒரு கல்லூரியில் தொலைபேசி எடுக்கிற வேலை. அண்ணி செல்வியோடு செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தான். அங்கிருந்து திருப்போரூர் போய், இன்னொரு பஸ் பிடித்து வேலைக்குப் போவான். அந்தத் தெருவில் அவனுக்குத் துணை தேவைப்பட்டதே இல்லை. மாவு மில்லின் சூடு முகத்தில் பட்டால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். டயர் கடை ரப்பர் வாடைக்குப் பிறகு சாக்கடைப் பலகை, அது மிதித்தால் ஆடும். ஏரிக்காற்று இடது கன்னத்தில் அடித்தால் சந்து முடிந்தது. அதற்கப்புறம் கண்டக்டர்களின் குரலே போதும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவின் நெரிசலையும் நாற்றத்தையும் பார்த்து, இவனை இங்கிருந்து கிளப்ப வேண்டும் என்று எரிச்சல்படுவேன். அது ஒரு வரைபடம் என்று, வரைபடமே தொழிலாக இருந்தும், எனக்கு உறைக்கவில்லை.

படூர் கட்டடத்தை வெப்சைட்டில் பார்த்தபோது முகப்பு அப்படியே வெளிநாடு போல இருந்தது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, பளபளவென்று வழவழத் தரை. கல்லூரிக்கு நடந்தே போய்விடலாம். குடிபோன முதல் மாதமே அண்ணன் முகப்புக் கண்ணாடிக் கதவில் மோதி நெற்றி கிழிந்தது. ஐந்து தையல். அதற்கப்புறம் ஒருநாள், தன் வீடு என்று நினைத்துத் தப்பான மாடியில் வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். எல்லா மாடியும் ஒரே தரை, ஒரே எதிரொலி, ஒரே பினாயில் வாசனை. அந்த வீட்டு அம்மாள் கூச்சல் போட, செக்யூரிட்டி வந்து அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனாராம். இதைச் சொல்லும்போது அண்ணி அழுதார். அண்ணன் போனை வாங்கவில்லை.

இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹம்பர்க் வந்த முதல் வாரம், ரயில் நிலைய நடைமேடையில் வரிவரியாகப் புடைத்த ஒரு கல்பட்டையின்மேல் பெட்டியை வைத்து நின்றிருந்தேன். ஒரு கிழவர் பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். ‘ப்ளிண்ட்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. உனக்குக் கண் குருடா என்று கேட்கிறார் என்று நினைத்து இங்கிலீஷில் கத்திவிட்டேன். பார்வையில்லாதவர்கள் காலால் தடவி நடக்கிற பாதை அது, பெட்டியை எடு என்றிருக்கிறார். அலுவலகத்தில் விளக்கிச் சொன்னபோது வெட்கமாகப் போயிற்று. எனக்கே ஒரு அண்ணன் இருக்கிறானே. இந்த ஊர்களின் கண்ணாடியைப் பார்த்து அப்படியே படூரில் நிறுத்தத் தெரிந்தவர்களுக்குக் காலடியில் இருந்த அந்தப் பட்டை கண்ணில் படவில்லை. வீடு வாங்கிய எனக்கும் படவில்லை.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். கேட்டிலிருந்து லிஃப்ட் வரை வரிக்கல், கண்ணாடியில் ஒரு பட்டை ஸ்டிக்கர், லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல். இவ்வளவுதான், செலவு என்னுடையது. முறையாக வரைந்து எடுத்துக்கொண்டேன். அண்ணனை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒருவர் கருங்கல் பலகையில் வரி கொத்திக் கொடுத்தார். அண்ணன் செருப்பைக் கழற்றி அதன்மேல் நடந்தான், திரும்பி நடந்தான். இன்னும் கொஞ்சம் ஆழம் இருந்தால் செருப்போடும் தெரியும் என்றான். குடிபோனபிறகு அவன் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான். கல்லைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் என் வரைபடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு செயலாளர் மெதுவாகச் சொன்னார்: “மேடம், நீங்களே ஆர்க்கிடெக்ட். லாபி லுக் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? சாருக்குத் துணைக்கு ஒரு ஆள் வெச்சுடுங்களேன்.”

துணை வேண்டாம், அவனாகவே நடந்தவன் என்று எவ்வளவோ சொன்னேன். பெண்களின் ஹீல்ஸ் மாட்டும், குழந்தைகள் தடுக்கி விழும் என்றார்கள். ஸ்டிக்கருக்குக்கூட அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். மறுநாள் நானும் அண்ணியும் கேட்டிலிருந்து லிஃப்ட் வரை தேங்காய்நார் மிதியடிகளை வரிசையாகப் போட்டோம். மதியத்துக்குள் சுருட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டோம், மறுபடி சுருட்டினார்கள். மூன்றாம் நாள் வழக்கு போடலாம் என்று நான் வக்கீல் தேடிக்கொண்டிருந்தபோது, அண்ணன் செங்கல்பட்டுக்கே திரும்பப் போகிறேன் என்றான். பழைய வீட்டுக்காரரிடம் பேசிவிட்டானாம்.

சண்டை போட்டேன். உனக்காகத்தானே வாங்கினேன், இரண்டு பஸ் மாறி எதற்கு அலைய வேண்டும், சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றெல்லாம் கத்தினேன். அவன் முடிகிறவரை கேட்டான்.

“கலா, நீ ஆசையா வாங்கன, நான் இல்லேன்னல. ஆனா இந்த வூடு எனுக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. கேஸ் நடக்கறவரிக்கும் நான் இன்னா பண்றது, உள்ளயே குந்திகினு இருக்கறதா?”

அந்த வாரமே சாமான்களை வண்டியில் ஏற்றினோம். செங்கல்பட்டில் இறங்கியதும் அண்ணன் என் தோளை விட்டுவிட்டு முன்னால் போனான். டயர் கடை போய் அங்கே ஏசி போட்ட நகைக்கடை வந்திருந்தது. கதவு திறக்கும்போது வருகிற குளிரை அடையாளம் வைத்துக்கொண்டால் போகிறது என்றான். படூர் வீட்டில் வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கல்லை ஏற்ற வண்டியில் இடமில்லை. கார் நிறுத்துமிடத்துச் சுவரில் சாத்தியபடியே கிடக்கிறது. சங்கத்துக்கு நான் இன்னும் மெயில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பதிலில்லை.

போன வாரம் ஒரு மதியம், கட்டட வேலை பார்வையிட ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் அப்போது சாயங்காலம், அண்ணன் வேலை முடிந்து திரும்புகிற நேரம். என்னோடு பேசிவிட்டு, அழைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான் போல. நானும் துண்டிக்கவில்லை. இங்கே ரயில்பெட்டி நிறைய ஆட்கள், ஒரு பேச்சில்லை. என் காதுக்குள் பஸ் இரைந்தது, யாரோ சில்லறைக்குத் தகராறு செய்தார்கள், பிரேக் கிறீச்சிட்டது. “திருப்போரூர்லாம் எறங்கு, எறங்கு” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். சட்டென்று எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னால் கதவு மூடி ரயில் போனபிறகுதான், பெயர்ப்பலகையைப் பார்த்தேன். நான் இதுவரை இறங்கியே இராத நிலையம் அது.