மாப்பிள்ளை விட்ட பந்து

எங்கள் ஊரில் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் என் மாமாதான். உம்மாவின் கடைசித் தம்பி. இதை நான் எந்தச் சபையிலும் எழும்பிச் சொல்லுவேன். மறுத்துக் கதைக்க இன்றுவரை ஒருத்தரும் வந்ததில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கல்முனை பஸாரில் சீமெந்துப் பை சுமந்து, அதே பஸாரில் சொந்தமாக மாடிக்கடை எழுப்பியவன். எனக்கு இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் என் மாமாவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாமா கோல் போடுகிற ஆள் இல்லை. பின்னுக்கு நின்று வருகிறவனைத் தடுக்கிற ஆள், பெக். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பழகியவர். மணலில் ஓடிப் பழகிய கால் புல்லில் இறங்கினால் எப்படியிருக்கும்! பந்தோடு வருகிறவன் மாமாவைக் கண்டதும் பந்தை விட்டுவிட்டுத் தன் காலைத்தான் முதலில் பார்ப்பான். ஒருமுறை கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெயருக்கு ஸ்டோரில் வேலை. உண்மையான வேலை கம்பனி டீமுக்கு விளையாடுவது. பெருநாளைக்கு மாமா வந்திறங்கினால், கொழும்பு பூட்ஸின் அடியிலிருக்கும் ஆணிகளை எண்ணிப் பார்க்க எங்கள் வளவில் பொடியன்மார் வரிசையில் நிற்பார்கள். வரிசையைப் பிடித்து வைப்பது நான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், விளையாட்டுக் காலம் முடியுமுன்பே மாமா ஊருக்கு வந்துவிட்டார். கேட்டவர்களுக்கு, “கலியாணத்துக்கு லீவு” என்றார். பெண் மருதமுனை. வீட்டுக்குள்ளேயே தறி ஓடுகிற குடும்பம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். பெண்ணின் வாப்பா மகளுக்கென்று வீடு கட்டி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார். ஆக, நிக்காஹ் முடிந்த அன்றே மாமா மருதமுனை ஆள்.

அதில் ஒருத்தருக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் நிக்காஹுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்கள் ஊருக்கும் மருதமுனைக்கும் கிண்ணத்துக்கான கடைசிப் போட்டி என்று முடிவானது. மருதமுனைக்கு முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவர் பெண்ணுக்கு மூத்தவர், கூடப்பிறந்த காக்கா.

மாமா விளையாட மாட்டேன் என்றுதான் சொன்னார். ஊர்ப் பந்துக் கழகத்து ஆட்கள் விடவில்லை. வீட்டு முற்றத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

“என்ன மாப்புள, இன்னும் அங்க போய்ச் சேரவும் இல்ல, அதுக்குள்ள அவங்கட சோறு செமிச்சிட்டா?”

மாமா உள்ளே போய் பூட்ஸை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உலை கொதித்தாலும் சோறு இறங்கவில்லை. உம்மாவுக்கு ஒரே பயம். மாமா ஊரில் இருந்த காலத்தில் அவரோடு மோதி விழுந்த சாய்ந்தமருதுப் பொடியன் ஒருவன் மாதக்கணக்கில் நொண்டிக்கொண்டு திரிந்ததை உம்மா மறக்கவில்லை.

“மச்சினன்ட காலை முறிச்சிப்போட்டு மறுகா எந்த முகத்தோட பொண்ணு கேக்கிற? சுண்ணாம்படிச்ச வீட்டுல ஆரக் கொண்டு குடிவைக்கிற?” என்று அடுப்போடு கதைத்துக்கொண்டிருந்தா.

வாப்பாவுக்கு வேறு பயம். “உன்ட தம்பி மச்சினனுக்கு விட்டுக்குடுத்தானெண்டா நான் பஸாருக்குள்ள தலை காட்டேலா. பொண்ணுக்காகப் பந்த வித்தானெண்டு என்னைத்தான் கேப்பானுகள்.”

இரண்டு பேருக்கும் நடுவில் நான் பாயில் புரண்டுகொண்டிருந்தேன். மாமா காலைப் போட்டால் கலியாணம் இல்லை. காலைப் போடாவிட்டால் ஊரில் மானம் இல்லை. ஒன்பது வயதுக்கு இது பெரிய கணக்கு.

போட்டியன்று மைதானத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே உம்மா என்னைப் பிடித்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிற சாக்கில் காதுக்குள் சொன்னா: “மனே, மாமாட்ட மெல்லப் போய்ச் சொல்லு. அந்தப் புள்ளையின்ட காலைத் தொடப்பொடாதாம், உம்மா அல்லாஹ்வுக்காகக் கேக்கிறாவெண்டு சொல்லு. வாப்பாக்குத் தெரியப்பொடா.”

வாப்பா என்னை சைக்கிள் பாரில் வைத்து மிதித்துக்கொண்டு போனார். வழிநெடுக அவர் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம், “எங்கட ஆள் இருக்கக்குள்ள ஒரு பந்து போகாது” என்று வாக்குக் கொடுத்தார். உம்மாவின் சொல்லை நான் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனேன்.

முதல் பாதியில் கோல் இல்லை. மாமா அதிகம் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று கையைக் காட்டி, சத்தம் போட்டு, மற்றவர்களை ஓட்டினார். மச்சினன் பந்தோடு வரும்போதெல்லாம் வேறு ஆள் போய் மறித்தான்.

“பாத்தியா, இதுதான் கொழும்பு விளையாட்டு! சும்மா நிண்டுக்கே விளையாடுறான்!” என்று என் பக்கத்தில் நின்றவர் தொடையில் தட்டினார். வாப்பாவின் மீசை மேலே ஏறியது.

இடைவேளையில் கால்களுக்குள்ளால் நுழைந்து மாமாவிடம் போனேன். ஒருபக்கமாகச் சாய்ந்து புல்லில் இருந்து தோடம்பழச் சுளை சப்பிக்கொண்டிருந்தார். காதில் சொன்னேன்.

“உம்மாவா சொல்லச் சொன்ன?”

“ஓம்.”

மாமா சிரித்தார். “சரி மனே. சொல்லிட்டாய்தானே. இனிப் போய் வாப்பாக்கிட்ட நில்லு.”

அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் பாதி முழுக்க நான் பந்தைப் பார்க்கவில்லை. மாமாவின் காலைத்தான் பார்த்தேன். நீளாதே என்று ஒரு மனம், நீளட்டும் என்று ஒரு மனம்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் ஆட்கள் எல்லோரும் முன்னுக்கு ஏறிவிட்டார்கள். பந்து சட்டென்று மச்சினனின் காலுக்கு வந்தது. அவருக்கும் கோலுக்கும் நடுவில் மாமா ஒருவர்தான். மச்சினன் நேரே வந்தார். மாமா ஒரு அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான். அப்படியே நின்றுவிட்டார். பந்து அவருடைய பக்கத்தால், ஒரு கை தூரத்தால், போனது. கோல்.

மச்சினன்கூடச் சந்தோசப்பட மறந்து மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

“வித்துட்டான்! மாப்புள வித்துட்டான்!”

“போடா, போய் மாமனார்ட தறியில நூல் சுத்து!”

தோடம்பழத் தோலும் மண்ணும் பறந்தன. ஒரு செருப்பும் வந்து விழுந்தது. அதைவிட மோசம், மருதமுனைப் பக்கத்திலிருந்து, “எங்கட மாப்புள! எங்கட மாப்புள!” என்று கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் வாப்பாவைக் காணவில்லை. கோபத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, என்னையும் மறந்து, போய்விட்டார். இதெல்லாம் என் வாயால் வந்தது என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிந்துவிட்டால் அந்தச் செருப்பு என் மேல் விழும் என்றும் தெரியும். மாமாவும் நானும்தான் கடைசியாக மைதானத்தை விட்டு வந்தோம்.

அன்று மாலை மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு பெண்ணின் வாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் தறியில் நெய்த சாரன்களை மடியில் வைத்துக்கொண்டு, சபையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்: “மாப்புள ஊரையே பகைச்சி எங்கட புள்ளையின்ட காலைக் காப்பாத்தித் தந்திட்டார். இப்பிடி ஒரு மருமகன் ஆருக்குக் கிடைக்கும்?”

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதா. பிறகு எனக்கு மட்டும் ஒரு துண்டு வட்டிலப்பம் கூட வைத்தா. வாப்பா நிக்காஹ் வரை மாமாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு சாரன்களை வாங்கிக்கொண்டார்.

கலியாணம் நடந்தது. மாமா பிறகு கொழும்புக்குப் போகவில்லை, பூட்ஸைத் தொடவும் இல்லை. மாமனார் விடவில்லை என்று ஊர் சொன்னது. சாரன் வியாபாரத்தில் நன்றாகவே இருந்தார். நான் தலையெடுத்து, கடை போட்டு, நாலு பேர் எழும்பிச் சலாம் சொல்லுகிற நிலைக்கு வந்த பிறகும், அந்த ஆட்டத்தின் கதை வந்தால் நான் எழும்பிக் கல்லாப் பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் மருதமுனைக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, மாமா பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, மாமியிடம் பகிடி போலச் சொன்னேன்: “மாமி, அண்டைக்கு உங்கட காக்காட காலைக் காப்பாத்தினது மாமா இல்ல, நான்தான்.”

மாமி விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னா: “அவர் விடல்ல மனே. கால் வரல்ல.”

கொழும்பிலேயே முழங்கால் போய்விட்டதாம். இனி உதவாது என்று கம்பனி அனுப்பிவிட்டதாம். லீவு என்றது பொய். நொண்டி மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார் என்று மாமா வாய் திறக்கவில்லை. நிக்காஹ் முடிந்த மறுநாள் விடிகாலைச் சுபஹுத் தொழுகையில், தரையில் நெற்றி வைத்த சுஜூதிலிருந்து எழும்ப ஏலாமல் அவர் கட்டில் காலைப் பிடித்ததை மாமி பார்த்திருக்கிறா.

“எங்க வாப்பாட்டச் சொல்லிராதேயெண்டு கண்ணால கெஞ்சினார். நான் சொல்லல்ல. வாப்பா மௌத்தாகும் வரைக்கும் மருமகன்ட பெருமைதான் கதைச்சார்.”



ஆளை நிறுத்து எடைபோடுவதில் இந்தப் பஸாரில் என்னை வெல்ல ஆளில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். அன்றைக்குக் கோல் விழுந்த பிறகு, அழுதுகொண்டு மைதானத்துக்குள் ஓடினேன். மாமா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என் தோளில் கையை வைத்தார். “நட மனே. மெல்லப் போவம், ஓடாத” என்றார். அந்தக் கூச்சலுக்குள்ளால், எறிந்த மண்ணுக்குள்ளால், இருவரும் நடந்தோம். கை கனத்தது. தோள் எலும்பு நொந்தது. ஊர் முழுக்க அவரை வெறுக்கும்போது, எல்லாவற்றுக்கும் காரணமான என்னை மாமா கைவிடவில்லை, எல்லோரும் பார்க்கத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு இரக்கத்துக்கு நான் தகுதியில்லை என்று, தோளை மெல்ல விலக்கிக்கொள்ளவும் பார்த்தேன்.

மாமாவின் பிடி இறுகியது.