பந்தியில் முதல் கவளம்

திருப்பதிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து மாந்தோப்பில் ஒரு மடம் தொடங்கிய சின்னப் பல்கலைக்கழகம் அது. சமஸ்கிருதமும் தெலுங்கும் சொல்லிக்கொடுத்த இடத்தில், எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்காகத் தமிழையும் சேர்த்தாராம் அதை நிறுவிய சாமி. நகரியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தது அந்தத் தமிழ்த் துறையில்தான்.

அங்கே சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசி இலைக்குப் பரிமாறி முடியும்வரை பந்தியில் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. முதல் கவளம் யாராவது ஒருவர் வாய்க்குப் போனதும் சமையற்காரர் மணி அடிப்பார். அந்த மணி கேட்ட பிறகே மடத்தில் சாமி சாப்பிட உட்காருவார். நிறுவியவர் வைத்த வழக்கத்தை அடுத்து வந்த சாமியும் மீறியதில்லை. எனக்கோ சாம்பார் ஆறிப்போகிற கடுப்பு.

பிறகு ஊரே அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிய காலம் வந்தது. தமிழை மூடிவிட்டு அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் படிப்பு வரப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பாதிப் படிப்பில் இருந்த எங்களை மெட்ராஸ் போய் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். என் நைனாவுக்கு என்னைத் திருப்பதியில் வைத்துப் படிக்கவைப்பதே நாக்குத் தள்ளியது. மூடினால் என் படிப்பு அத்தோடு சரி.

என் அறைத்தோழன் குடுபல்லிக்காரன். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, என்னைவிடக் கெட்டிக்காரன். யோசனை அவனுடையதுதான்.

"சோறு போடட்டும், நாம தொடவேணாம். நாம துன்னாட்டி சாமியும் துன்னமாட்டாரு. எத்தினி நேரம் தாங்குவாங்க, பாத்துக்கலாம்."

மறுநாள் மதியம் இலையில் சோறு ஆறி விறைத்தது. மற்ற துறைப் பிள்ளைகளும் எங்களுக்காகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சமையற்காரர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி, "தினண்டி நாயனா, சுவாமிவாரு இங்கா தினலேது" என்று சாப்பிடச் சொல்லித் தெலுங்கில் கெஞ்சினார். சாமி இன்னும் சாப்பிடவில்லையே என்கிற தவிப்பு அவருக்கு. கடைசியில் மடத்து ஆள் வந்து, சாமியே பேச வருகிறார் என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது பக்கத்து இலையில் கை இறங்கியது. என் தோழன் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தான். மணி அடித்தது. சாமி வரவில்லை, நோட்டீஸும் கிழிபடவில்லை.

"பசி தாங்கலடா. கை தானா பூட்ச்சி" என்றான் அறையில். அடுத்த வருஷம் நான் சர்டிபிகேட் வாங்கப் போனபோது அவன் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். மாமா சீட்டு வாங்கிக் கொடுத்தாராம். நம்பினேன். பசி தெரிந்த வீட்டுப் பிள்ளையிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அவன் அமெரிக்கா போனான். நான் நகரியில் பவர்லூம் ஓட்டினேன்.

போன மாதம் புத்தூரில் ஒரு கல்யாணத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு இப்போது சர்க்கரை நோய். மாத்திரை போட்டிருந்தான், கை நடுங்கியது, நெற்றி வேர்த்தது. நாங்களெல்லாம் பாதி சாப்பிட்டாயிற்று. அவன் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு பந்தியின் கடைசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துன்னுடா, மயக்கம் வந்துடப்போவுது."

"கடைசி எலைக்குப் போடட்டும்டா. அங்க பழகினது. எத்தினி பசின்னாலும் கை போவமாட்டேங்குது."

சொன்னது என்னவென்று அவனுக்கு உறைக்கவில்லை. பசி என்று நம்பி இத்தனை வருஷம் அவனுக்காகப் பரிந்து பேசிய மடையன் நான். அன்றைக்கு அவன் கையை இறக்கியது பசியல்ல, அந்தக் கம்ப்யூட்டர் சீட்டு. பாதி இலையை மூடிவிட்டு எழுந்தேன்.