கூட்டல் குறியில் நசுங்கிய பிரபஞ்சம்

தஞ்சாவூரில் கருத்தரங்கு முடிந்து, சீர்காழி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மனசு இன்னும் குளுகுளுவென்று இருக்கிறது.

போன வருஷம் என் ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை ஒரு பேராசிரியருக்குக் கருத்துக் கேட்டு அனுப்பினேன். நம் பிரபஞ்சம் இன்னொரு பரிமாணத்துக்குள் மிதக்கும் ஒரு சவ்வு என்றால், அது சுருங்கிக்கொண்டே போய், நசுங்காமல் மறுபடி எப்படி விரியும் என்பதுதான் விஷயம். அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவேயில்லை.

இன்று காலை அரங்கில் அவர் தன் உரைக்கான படங்களையும் சமன்பாடுகளையும் திரையில் ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் என் வரைவில் இருந்தவை. அவசரத்தில் நான் தப்பாகப் போட்டிருந்த கூட்டல் குறியும் அப்படியே இருந்தது.

என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பேசி முடித்ததும் கை தூக்கினேன்.

"சார், அடர்த்தியோட வர்க்கத்துக்கு முன்னாடி கூட்டல் போட்டிருக்கீங்க. அப்ப சுருங்குற பிரபஞ்சம் எந்த இடத்துல திரும்பி விரியுதுங்க?"

திரையைத் திரும்பிப் பார்த்தார். "அது... திரும்பும்மா."

"திரும்பாதுங்க சார், நசுங்கிரும். அங்க கழித்தல் வரணும். டிராஃப்ட் அனுப்பின மறுநாளே நான் திருத்திட்டேன். நீங்க போன் எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

தலைமை தாங்கியவர் மைக்கிலேயே கேட்டார்: "யாரோட டிராஃப்ட்டுங்க அது?"

பேராசிரியர் அடுத்த படத்துக்குத் தாவினார். நான்தான் எழுந்து சொன்னேன், மேடை வரை கேட்கிற மாதிரி.

காலையிலேயே அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று தோழி இப்போதுதான் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். சொல்லியிருக்கலாம்தான்.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?