ஒரு மச்சினனும் நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகளும்

தண்ணீர் மீட்டர் பார்க்க வருபவரை எந்த வீட்டிலும் வாசலுக்கு வந்து வரவேற்பதில்லை. நாய் வேண்டுமானால் வரும். இருபத்தாறு வருடம் தெருத்தெருவாக நடந்து இந்த உண்மையைக் கணுக்கால் வரை அனுபவித்தவர் நம் மீட்டர்காரர். தெருவில் மட்டுமல்ல, சொந்தபந்தத்திலும் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர்.

அந்தத் தொழிலில் அவர் கண்டுபிடித்த நுட்பம் ஒன்று உண்டு. கேட்டைத் திறந்ததும் வந்த விஷயத்தைச் சொல்லவே கூடாது. சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுருங்கும், போன தடவை ஏன் அவ்வளவு வந்தது என்று வழக்கு ஆரம்பமாகும். ஆகவே முதலில் செடியைப் புகழ வேண்டும். செடி இல்லையென்றால் தொட்டியை. தொட்டியும் இல்லையென்றால் கதவுக்கு அடித்திருக்கும் பெயிண்டை. புகழ்ந்துகொண்டே குழாயடிப் பக்கம் நகர்ந்து, குனிந்து, எண்ணைக் குறித்து, நிமிர்ந்து, நாய்க்கு என்ன வயது என்று விசாரித்தபடியே வெளியே வந்துவிட வேண்டும். அவர் எதற்காக வந்தார் என்பது வீட்டுக்காரருக்கு ரசீது வந்த பிறகுதான் உறைக்கும். அதற்குள் மீட்டர்காரர் நாலு தெரு தாண்டியிருப்பார்.

பூட்டிய வீடுகளின் வாசலில் காத்திருந்த நேரத்தில்தான் அவர் நாவல் எழுதினார். ‘பூட்டிய வீட்டில் ஓடும் தண்ணீர்’ என்று பெயர். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் மீட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே தினமும் குளிப்பது யார் என்பது மர்மம். அதைத் துப்பறிகிறவர் ஒரு மீட்டர்காரர். கற்பனை வளம் என்றால் அதுதான்.

பதிப்பாளர் என்பவர் அதுவரை விசிட்டிங் கார்டு அச்சடித்துக்கொண்டிருந்தவர். ஐந்நூறு பிரதிகளை ஒரே மூச்சில் அச்சடித்து, அதே மூச்சில் ஆசிரியர் வீட்டிலேயே இறக்கிவிட்டார். “என் கடையில எலி ஜாஸ்தி சார். உங்க இலக்கியம் வீணாயிடக் கூடாதுல்ல” என்றார். எண்பத்தெட்டுப் பிரதிகள் கையெழுத்திட்டு, அன்போடு, உறவினர் கைகளில் திணிக்கப்பட்டன. அதன் பிறகு உறவினர்கள் போனை எடுப்பதில்லை. மிச்சம் நானூற்றுப் பன்னிரண்டும் பதினான்கு அட்டைப்பெட்டிகளில் சின்ன அறையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தன.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க நோயாளிகளை வரிசையில் நிற்க வைக்கிறவர். வீட்டுக்கு வந்தாலும் குரல் அப்படியே இருக்கும். மாதத்தின் மூன்றாம் தேதி, சாயந்தரம் டீயை மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்:

“என் தம்பிக்கு இந்த ஊருக்கு மாத்தலாயிருக்கு. முதல் தேதி வர்றான்.”

“வரட்டுமே. நல்ல விஷயம்தானே.”

“எங்க படுப்பான்?”

மீட்டர்காரர் கூடத்துச் சோபாவைப் பார்த்தார். சோபா அவரைப் பார்க்கவில்லை.

“அவனுக்கு முதுகு சரியில்ல. சோபாவுல சுருண்டு படுக்க முடியாது. சின்ன ரூம்தான். முதல் தேதி காலைல அது காலியா இருக்கணும். வித்தாலும் சரி, வாரிக் குடுத்தாலும் சரி. இல்லேன்னா பழைய பேப்பர்காரரை வரச் சொல்லிடுவேன்.”

“நாவல்மா அது.”

“தராசுக்கு அதெல்லாம் தெரியாது.”

மறுநாளே மீட்டர்காரர் பதிப்பாளரிடம் ஓடினார். பதிப்பாளர் விட்டத்தைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

“சார், உங்களை யாருக்குமே தெரியாது. அதுதான் உங்க பிரச்சினை. ஆளு நிறைய வந்து போற பிளாக் வச்சிருக்கிற எழுத்தாளருங்க இருக்காங்கல்ல, அவங்க பிளாக்ல போய் கெஸ்ட்டா ஒரு கட்டுரை எழுதுங்க. அவங்க வாசகருங்க படிப்பாங்க. யாருடா இந்த ஆளுன்னு தேடி வந்து உங்க புத்தகத்தை வாங்குவாங்க. வெளிநாட்டுலயெல்லாம் இப்படித்தானாம்.”

“அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறதா?”

“ஆமா சார். உங்களுக்குப் புதுசா என்ன?”

புதுசே இல்லை. அதில்தான் வினை இருந்தது.

முதல் வலைப்பூ ஓய்வுபெற்ற பல் டாக்டருடையது. ஏழு பாகச் சரித்திர நாவல் எழுதியவர். ஒரு போர் தொடங்கினால் மூன்று பாகத்துக்கு முடியாது. எண்ணூறு வார்த்தைக்குள் எதையாவது எழுதித் தாருங்கள் என்று பெருந்தன்மையாக இடம் கொடுத்தார். மீட்டர்காரர் குளித்து, சட்டை மாற்றி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அடுத்தவர் இடத்துக்குள் நுழைகிறோம் என்ற நினைப்பு வந்ததும் இருபத்தாறு வருடப் பழக்கம் விரல்களுக்கு இறங்கிவிட்டது. முதலில் வலைப்பூவின் பின்னணி நிறத்தைப் புகழ்ந்தார். பிறகு டாக்டரின் போர்க்களங்களை. பிறகு நாலாம் பாகத்தில் காயம்பட்டுச் சாகும் குதிரைக்காகத் தானே அழுததை. குதிரைக்கு என்ன வயது என்றுகூட விசாரித்திருந்தார். அப்படியே மெல்ல நகர்ந்து, ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டார்.

கட்டுரை வெளியான அன்று மனைவி அதைப் போனில் இரண்டு முறை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. உங்க புத்தகத்தோட பேரு எங்க?”

“ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்டு எடுத்த எடுப்புல அதை எப்படிச் சொல்றது?”

“சரி, முடிக்கும்போது சொல்லியிருக்கலாமே.”

“அதுக்குள்ள எண்ணூறு வார்த்தை ஆயிடுச்சு.”

“இதுக்குத்தான் குளிச்சிட்டு உக்காந்தீங்களா?”

எட்டாம் நாள் பதிப்பாளர் போன் செய்தார். குரலில் குதூகலம். “சார், கலக்கிட்டீங்க. குதிரைக்காக அந்த நாலாம் பாகத்தை ஜனங்க அள்ளிக்கிட்டுப் போறாங்க. மறுபதிப்பு போடச் சொல்லிப் பல் டாக்டர் என்கிட்டதான் வந்திருக்காரு.”

“என்னோடது?”

“எதைச் சொல்றீங்க?” என்றார் பதிப்பாளர்.

இரண்டாவது வலைப்பூ ஒரு காதல் கதை எழுத்தாளருடையது. விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போடும் வேலை அவருக்கு. கூடுதல் எடைக்காகக் கெஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனித இதயத்தைக் கரைத்துக் குடித்தவர். இந்த முறை மீட்டர்காரர் தன் புத்தகத்தைச் சொல்லியே தீர்வது என்று உள்ளங்கையில் பேனாவால் அதன் பெயரை எழுதிக்கொண்டார். சொல்லவும் செய்தார். காதலையும் கண்ணீரையும் எழுநூற்று எண்பத்தைந்து வார்த்தை புகழ்ந்த பிறகு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும் தோரணையில் கடைசி வரி வந்தது: ‘நானும் ஏதோ ஒரு கதை எழுதியிருக்கிறேன், அது கிடக்கட்டும், நீங்கள் முதலில் இவரைப் படியுங்கள்.’

வாசகர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவரை முதலில் படித்தார்கள். இது கிடந்தது.

இதற்குள் எழுத்தாளர்கள் வட்டாரத்தில் பேச்சுப் பரவிவிட்டது. இப்படி ஒரு மனிதர் இருக்கிறார், வந்து எட்டிப் பார்த்தால் போதும், நம் புத்தகம் விற்றுவிடுகிறது, தன்னைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று. ராசியான விருந்தாளி என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். விருந்தாளிகளைக் கண்டால் கதவைச் சாத்தும் மூத்த எழுத்தாளர்கள்கூட ‘எங்கள் பக்கமும் ஒருமுறை வந்து போகக் கூடாதா’ என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் மொத்தம் ஒன்பது வலைப்பூக்களுக்குப் போய் வந்தார். ஒன்பது பேர் புத்தகமும் விற்றது. நன்றி மறக்காத ஒன்பது பேரும் ஆளுக்குப் பத்துப் பிரதி பார்சல் அனுப்பினார்கள்.

சின்ன அறையில் இப்போது நானூற்றுப் பன்னிரண்டும் தொண்ணூறும். பல் டாக்டர் மட்டும் பத்துப் பிரதி என்றால் பத்து முழு வரிசை என்று எடுத்துக்கொண்டார். அவர் கணக்கில் ஏழு பாகமும் சேர்ந்தால்தான் ஒரு பிரதி.

மச்சினன் போனில் அழைத்தான்.

“என்ன மாமா, பூட்டின வீட்டுல தண்ணி ஓடுதாம். பூட்டின ரூம்ல புத்தகம் ஓடலையாமே.”

“நீ வர்றதுக்குள்ள ஓடிடும்.”

“அக்கா பேப்பர்காரருக்குச் சொல்லியாச்சுன்னு சொன்னாளே. காலைல பத்து மணிக்காம்.”

மீட்டர்காரர் போனை வைத்துவிட்டுச் சின்ன அறைக்குப் போய் ஒரு பெட்டியைத் தடவிக் கொடுத்தார். அடைமழையிலும் கொளுத்தும் வெயிலிலும், யார் வீட்டுக் கேட்டிலோ நோட்டை வைத்துக்கொண்டு எழுதியது. ஐந்தாம் அத்தியாயம் முழுக்க ஒரு நாய்க்குப் பயந்து மதில்மேல் உட்கார்ந்தபடி எழுதியது. அதையெல்லாம் தராசில் எப்படி வைப்பார்கள் என்று அந்தப் பெட்டியிடமே கேட்டார்.

முதல் தேதி லீவு போட்டார். மனைவியும் லீவு. பேப்பர்காரர் தூக்க வசதியாகப் பெட்டிகளை ஜன்னலோரமாக அடுக்கச் சொன்னது மனைவிதான். மீட்டர்காரர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர், துக்கத்தையும்கூட. ஏழு கீழே, ஏழு மேலே, விளிம்போடு விளிம்பு பிசகாமல் அடுக்கினார். ஒன்பது பேர் பார்சல்களையும் கூடத்தில் தனியாக வைத்தார்.

ஒன்பதரைக்கு மச்சினன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். வந்தான் என்பதைவிட, வளைந்து வந்தான் என்பது பொருத்தம். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில்.

“அக்கா, பஸ்ஸுல முதுகு போச்சு. நாலு நாளா தூக்கமே இல்ல.”

“கட்டில் எங்கடா?”

“லாரியில வருது. ரெண்டு நாள் ஆகும். முதல்ல நான் எங்கயாவது சாயணும்.”

சொல்லிக்கொண்டே சின்ன அறைக்குள் போனவன், ஜன்னலோரம் மேடு ஒன்றைக் கண்டான், அப்படியே சாய்ந்தான். மனைவி தண்ணீர் எடுத்து வருவதற்குள் குறட்டை கேட்டது. சாதாரணக் குறட்டை அல்ல, நாலு நாள் பாக்கி.

பத்து மணிக்குப் பேப்பர்காரர் தராசும் சாக்கும் கயிறுமாக வந்து நின்றார். அறையை எட்டிப் பார்த்தார்.

“மேல ஆளு படுத்திருக்கே?”

“மெதுவா பேசுங்க,” என்றார் மனைவி. “நாலு நாளா தூங்கல அவன்.”

“கொஞ்சம் உருட்டி விட்டா எடுத்துக்குவேன்.”

“என் தம்பியை உருட்டி விடச் சொல்றீங்களா?”

மீட்டர்காரர் கூடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவிக்குத் தான் சொன்ன சொல் முக்கியம். ஆனால் தம்பி தூக்கம் அதைவிட முக்கியம். அவர் முகத்தில் இரண்டும் மல்லுக்கட்டியதை மீட்டர்காரர் தெளிவாகப் பார்த்தார்.

“வந்ததுக்கு இதை எடுத்துக்கிட்டுப் போங்க,” என்று கடைசியில் மனைவி கூடத்துப் பார்சல்களைக் காட்டினார்.

போரும் காதலும் தத்துவமுமாக ஒன்பது எழுத்தாளர்களும் சாக்குக்குள் இறங்கினார்கள். மீட்டர்காரருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தடுக்கும் அளவுக்கு இல்லை.

மச்சினன் நாலு மணிக்கு எழுந்தான். எழுந்து நேராக நின்றான். இடுப்பைத் திருகிப் பார்த்தான்.

“அக்கா, என்ன கட்டில் இது? கெட்டியான இடமாப் பாத்துப் படுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எந்தக் கடையிலயும் இப்படிக் கிடைக்கலையே.”

“உங்க மாமாவோட நாவல்டா அது.”

மச்சினன் ஒரு பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தான். “மாமா இவ்வளவு கெட்டியா எழுதுவாருன்னு நான் நினைக்கவே இல்ல.”

லாரியில் வந்த கட்டில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டது. பெட்டிகளின்மேல் ஒரு விரிப்பு விரிக்கப்பட்டது. பேப்பர்காரரின் போன் நம்பர் சமையலறைச் சுவரிலிருந்து இறங்கியது.

இந்த நிலையில்தான், நாலு நாள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாரையும் இவ்வளவு மனதாரப் புகழ்கிற ஆள் என்னதான் எழுதியிருப்பார் என்று பார்க்க ஆசை, ஒரு பிரதி வேண்டும் என்றது கடிதம். மீட்டர்காரர் அதை நான்கு முறை படித்துவிட்டுச் சின்ன அறைக்கு ஓடி, ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியை உருவினார். அந்த வாரமே மேலும் இரண்டு பேர் கேட்டார்கள். அதே பெட்டியில் இன்னும் இரண்டு.

“மாமா,” என்று மச்சினன் கூப்பிட்டான். “இடுப்புக்கு நேரா பள்ளமாகுது. இனிமே அதுல கை வைக்காதீங்க.”

“விக்கிற புத்தகம்டா.”

“அக்கா, மாமா என் இடுப்பை விக்கிறாரு.”

மனைவி தன் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டரிடமே கேட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். மாதம் பதினான்கு பிரதி. பெட்டிக்கு ஒன்று. அப்போதுதான் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும், தம்பி சரிய மாட்டான்.

பத்தாவது வலைப்பூ கவிதை எழுதும் ஒரு போக்குவரத்துக் காவலருடையது. மீட்டர்காரர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். இந்த முறை புகழ வழியில்லை. புத்தகம் கேட்டுக் கடிதம் எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்டைத் திறந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னார்: ‘என் நாவலின் பெயர் பூட்டிய வீட்டில் ஓடும் தண்ணீர். மாதம் பதினான்கு பிரதிக்கு மேல் தர இயலாது. இது மருத்துவரின் ஆலோசனை. வற்புறுத்த வேண்டாம்.’

ஒரு வாரத்துக்குள் இருநூற்று முப்பது பேர் வற்புறுத்தினார்கள். தபால்காரர் மணியடிக்கும்போதெல்லாம் மச்சினன் பயந்துபோய் விரிப்பை இழுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மீட்டர்காரர் வரிசைப் பட்டியல் ஒன்று போட்டு, ஒவ்வொருவருக்கும் எந்த மாதம் புத்தகம் கிடைக்கும் என்று கண்ணியமாகப் பதில் எழுதினார்.

அப்படி ஒரு மத்தியானம் எழுதிக்கொண்டிருந்தபோது, பெட்டிகளின்மேல் மல்லாந்து கிடந்த மச்சினன் தலையை மட்டும் திருப்பினான்.

“மாமா, ரெண்டாவது நாவலை எப்ப முடிப்பீங்க? தலைமாட்டுக்குக் கொஞ்சம் உயரம் பத்தல.”

இருபத்தாறு வருடத்தில் அவருடைய அடுத்த வருகைக்காக, அது நாவலின் வருகையே ஆனாலும், காத்திருந்த முதல் மனிதன். மீட்டர்காரர் பேனாவை மூடிவைத்துவிட்டு, எத்தனை பக்கம் தேவைப்படும் என்று விசாரித்தார்.