யாஸ்னாவுக்குப் பின்னால் நின்றவர்கள்

தல்காவானோ துறைமுகத்து மீன் ஆலையில், மத்திக்குத் தலை கிள்ளும் வரிசையில் யாஸ்னா சேர்ந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. ஒரு ஆம்பிளைக் குரல் அவள் தலைக்குள் குடியேறி அதற்குள் நாலு வருஷம் ஆகியிருந்தது. "நாறுறடி. உன்னைப் பெத்தவ அன்னிக்கே கடல்ல வீசியிருக்கணும்" என்று அது சொல்லும். பல் தேய்க்கும்போதுகூடச் சொல்லும்.

வியாழக்கிழமை மத்தியானம் சுகாதார நிலையத்து மாடியில், இப்படிக் குரல் கேட்கிற இளவட்டங்கள் ஆறு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். நடத்தியவர் இவோன் என்ற மனநல ஆலோசகர், எல்லாருக்கும் அக்கா. ஒரு வியாழன், அவரவர் குரல் சொல்வதைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எழுதியவர் அதற்குப் பதில் சொல்லவேண்டும். யாஸ்னாவின் காகிதம் பக்கத்திலிருந்த எலியாஸிடம் போனது. அவன் அதை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான்.

"சத்தமாப் படிடா," என்றாள் யாஸ்னா.

படித்தான்.

"எனக்கு வேலை கெடக்கு. அப்புறம் வா," என்றாள் அவள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

தனியாகப் பழகிப்பார்க்க அந்தக் காகிதத்தை வேலை அங்கியின் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் அது காணாமல் போனது. துவைக்கப் போட்டதில் போயிருக்கும் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது: "நாறுறடி." திரும்பினாள். அதே வரிசையில் வேலை செய்யும் ஹிமேனாவும் மற்ற பெண்களும் குனிந்து மீனைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இரண்டு பெண் குரல்கள். "கடல்ல வீசியிருக்கணும்."

"அக்கா, இப்ப பொம்பளைங்களும் வந்துட்டாங்க," என்று வியாழக்கிழமை அழுதாள்.

இவோன் அதை டாக்டரிடம் சொல்ல, அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை இரட்டிப்பானது. யாஸ்னாவின் முகம் ஊதியது. விரல்கள் நடுங்கின. ஒரு பெட்டி மத்தியை மற்றவர்கள் முடிக்கும் நேரத்தில் அவளால் பாதிகூட முடியவில்லை. கூடை நிறைய மீனைத் தரையில் கொட்டிய அன்று மேற்பார்வையாளன் அவளை வீட்டுக்கு அனுப்பினான். அதோடு வேலை போயிற்று. மூன்று மாதம் படுக்கையே கதி; வியாழக்கிழமைக்கு மட்டும் எழுந்து போவாள்.

எலியாஸின் பெரியம்மா அதே ஆலையில் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுபவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவள் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதையில் தன் வாயால் வாசித்த வரிகளே வந்ததும் எலியாஸ் அது யார் வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். அந்த வியாழன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: "யாஸ்னா, அது உன் தலைக்குள்ள இல்ல. அந்தக் காகிதத்தை ஹிமேனா எடுத்துட்டா. உனக்குக் குரல் கேக்குறது அவளுங்களுக்குத் தெரியும். முறை வச்சுச் சொல்லியிருக்காளுங்க."

இவோன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரையை ஏத்தச் சொன்னது நான்தானே," என்றார். அந்தப் பெண்கள் நிஜமாகவே இருக்கலாம் என்று யாருக்குமே தோன்றியிருக்கவில்லை, யாஸ்னா உட்பட.

வேலை விடும் நேரத்துக்கு அவள் ஆலை வாசலில் போய் நின்றாள். கூட எலியாஸும் போனான்.

"ஏன்டி செஞ்ச?"

ஹிமேனா தலைமுடி வலையைக் கழற்றியபடி சிரித்தாள். "விளையாட்டுக்குத்தான் பிள்ள. தெனமும் கேக்குறதுதானே உனக்கு, நாங்க சொன்னா மட்டும் வலிக்குதா?" பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஸ் வந்தது. எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். விரல் நடுக்கம் நின்றது. ஆலையில் மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளைக் குரல் அவளை விட்டுப் போகவும் இல்லை. இப்போதெல்லாம் ரொட்டிக் கடை வரிசையில் யாராவது பின்னால் நின்று பேசினால், யாஸ்னா திரும்பி அவர்கள் உதட்டைப் பார்க்கிறாள். உதடு அசைந்தால்தான் அவளுக்கு அதிகப் பயம்.