ஆழத் தண்ணீரில் ஓடியவள்

மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு ஓடும் ஆசையே வந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க ஒரே இருக்கையில் உட்கார்ந்து இடுப்பு மரத்துப்போகவே, வேலை முடிந்ததும் பணிமனையைச் சுற்றி நடந்தாள். அந்த நடை எப்போது ஓட்டமாக மாறியது என்று அவளுக்கே நினைவில்லை.

"இத்தனை நாள் பஸ்ஸை ஓட்டினீங்க, இப்ப நீங்களே ஓட ஆரம்பிச்சிட்டீங்களாக்கா?" என்று மெக்கானிக்குகள் கிண்டலடித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனாள். மழைக்காலம் முடிந்ததும் நடக்கவிருந்த முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"நாப்பத்திரண்டு கிலோமீட்டரா? பஸ்ல போனாலே கால் வலிக்குமேம்மா!" என்றாள் மகள்.

பயிற்சி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலை கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி சுரீரென்றது. யாரிடமும் மூச்சு விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் சில நாள் ஓடினாள். கடைசியில் பிரேக்கை மிதிக்கும்போதே முகம் சுளிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல் மறைக்க முடியாமல் பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "வலி அடங்குற வரைக்கும் ஓடவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து காலணிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். "இனி ஓட்டமே வேண்டாங்க" என்றாள் கணவரிடம்.

நீச்சல்குளத்தில் டிக்கெட் கொடுக்கிற நாத்தனார்தான் விடவில்லை. "எங்க குளத்துக்கு வாங்க அண்ணி. இடுப்புல மிதவை கட்டிக்கிட்டு ஆழத்துல ஓடலாம். கால் தரையிலேயே படாது."

"எனக்கு நீச்சல் தெரியாதே!"

"நீந்தச் சொல்லலையே, ஓடத்தானே சொல்றேன்!"

முதல் நாள் படிக்கட்டின் கைப்பிடியை விட அவளுக்கு மனமே வரவில்லை. நாத்தனார் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். மிதவை தாங்கிக்கொண்டது. தண்ணீருக்குள் கையையும் காலையும் வீசி மூச்சிரைக்க ஓடினாள். நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. பக்கத்தில் நீந்திய பெரியவர் ஒருவர், "எந்த ஊருக்கும்மா இவ்வளவு அவசரமா?" என்று கேட்டார். தண்ணீரைக் குடித்துவிடும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் அவளாகவே போனாள். அப்புறம் வேலை முடிந்தால் குளம் என்று ஆகிவிட்டது.

வலி அடங்கியது. ஆனால் தரையில் பயிற்சி எடுக்க நாள் போதவில்லை. "இந்தத் தடவை பாதி தூரம் போதும்" என்றாள் பிசியோதெரபி பெண். சரியென்று தலையாட்டினாலும் பாதி என்ற சொல் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓட்டத்தன்று பாலத்தருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. முழுத் தூரம் ஓடுகிறவர்கள் நேராகப் போக, பாதித் தூரத்தினர் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தை நினைத்துத்தான் அவள் முந்தின நாளெல்லாம் மனம் குமைந்தாள். திரும்பினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசானது. குதிகாலும் வாயைத் திறக்கவில்லை. எதிர்க்காற்று முகத்தில் அடிக்க, வழியில் கைதட்டியவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே ஓடினாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும், கணவரோடு காத்திருந்த நாத்தனார் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதா அண்ணி?"

"குதிகாலைத் தவிர எல்லாம் வலிக்குது!"

மூவரும் சிரித்தார்கள். கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "அடுத்த வருஷம் முழுசா?" என்றார் மெதுவாக.

"அதை அப்புறம் பார்ப்போங்க. இப்போ பசி உயிர் போகுது" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டாமல் நடந்தாள்.