ஆவணியில் ஆபரேஷன் இல்லை

எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டிய பெண்களில் கர்ப்பப்பையோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இடுப்பு வலித்தால் எடு, உதிரம் அதிகம் போனால் எடு, ஒன்றும் புரியவில்லை என்றாலும் எடு. பக்கத்து வீட்டுக் காவேரிக்கும் அப்படித்தான் நாள் குறித்தார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவள் செய்த குற்றம், இருமினால் சிறுநீர் கசிந்ததுதான்.

கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே அந்தத் தொல்லை. தக்காளி நிறைந்த கிரேடு பெட்டியைத் தூக்கினால் கசியும், தும்மினால் கசியும், வாய்விட்டுச் சிரித்தால்கூடக் கசியும். பாலக்கோடு மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் நாட்களில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள். உள்ளே பழந்துணியை மடித்து வைத்துக்கொள்வாள். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

"எவளாவது மூக்கப் பொத்துனா அங்கயே உசுரு போயிரும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

நாத்தனார் மணிமேகலைதான் அவளைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப்போனாள். ஸ்கேனில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்தாலும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நல்லது என்று அங்கே சொன்னார்கள். மணிமேகலைக்கும் சில வருடங்களுக்கு முன் இதே தொல்லைக்காக எடுத்திருந்தார்கள். "கொஞ்ச நாளு வலி, அப்பறம் நிம்மதி" என்றாள் அவள். காவேரிக்கு மனமில்லை. எடுத்தால் மாதக்கணக்கில் பாரம் தூக்கக்கூடாது, அவளுக்கோ பாரம்தான் பிழைப்பு. நல்லா இருக்கிற ஒன்றை எதற்கு அறுக்க வேண்டும் என்றும் கேட்டாள். அவள் கணவன் மாதேஷ், அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அப்போது சித்திரை. பணம் சேரட்டும், ஆடியும் கழியட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவனே முடித்துவிட்டான். வயிறு இவளுடையது, முடிவு அவனுடையது. கேட்ட எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

காவேரியின் மாமனார் பச்சியப்பன் பக்கவாதத்தில் விழுந்தவர். அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க அரசு பிசியோதெரபிஸ்ட் பாரதி ஸ்கூட்டியில் வீட்டுக்கே வருவாள். ஒருநாள் பெரியவரைத் தூக்கி உட்காரவைத்த காவேரி, தொடைகளை நெருக்கிக்கொண்டு நகராமல் நின்றுவிட்டாள். பாரதி அதைக் கவனித்தாள். போர் மோட்டார் பக்கமாகத் தனியே அழைத்துப்போய்க் கேட்டாள். காவேரி முதலில் மழுப்பினாள், பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கர்ப்பப்பை மேல பழி போடாதீங்கக்கா" என்றாள் பாரதி. "மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாத்தையும் கீழருந்து தாங்கறதுக்கு ஒரு தசை இருக்குது. பிரசவத்துல அது தளந்துபோச்சு. மாமாவோட கைக்கு பயிற்சி குடுத்தா பலம் வருதில்லைங்களா, இதுக்கும் வரும். மூணு மாசமாச்சும் விடாம செய்யணும்."

சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் காட்டி, செய்யலாம் என்று அவர் சொன்ன பிறகே ஆரம்பித்தார்கள். அந்தத் தசையை இறுக்க வேண்டும், பிடிக்க வேண்டும், தளர்த்த வேண்டும். காவேரி பாயில் படுத்து, மூச்சை அடக்கி, முகம் சிவக்கச் செய்தாள். ஆனால் கசிவு கூடியது. மணிமேகலை கேலியாகச் சிரித்தாள். மாதேஷ் இதையெல்லாம் விட்டுத்தள்ளு என்றான். காவேரி விடவில்லை.

அடுத்த முறை வந்த பாரதி, வயிற்றில் கைவைத்துச் செய்யச் சொல்லிப் பார்த்தாள். காவேரி இறுக்கவே இல்லை, முக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிரசவத்திலும் தலைமாட்டில் நின்று "முக்கு, முக்கு" என்றுதானே கத்தினார்கள்? அந்த இடத்துக்கு வேறு வேலை உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பாரதி கொஞ்சம் யோசித்தாள். "தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்து உங்க பஸ்ஸு நிக்குது. வயித்துல கேஸு முட்டுது. பக்கத்து சீட்டுல உங்க மாமனாரு. என்னா பண்ணுவீங்க?"

"அடக்குவேன்."

"எப்பிடி?"

"உள்ளாற இழுத்துத்தான்."

"அதேதாங்கக்கா. மேல இழுங்க. மூச்ச மட்டும் அடக்காதீங்க. கிரேடு தூக்கறப்ப மொதல்ல இழுத்துப் புடிங்க, மூச்ச விட்டுக்கிட்டே தூக்குங்க."

அன்றிலிருந்து காவேரி ரேஷன் கடை வரிசையில் இழுத்துப் பிடித்தாள், பால் கறக்கும்போது பிடித்தாள், மாதேஷ் திட்டும்போதும் முகத்தில் எதுவும் காட்டாமல் பிடித்தாள். நல்ல வசதியான பயிற்சி, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. தண்ணீரும் பழையபடி குடித்தாள். கசிவு ஒரேயடியாக நிற்கவில்லை, மெல்ல மெல்லக் குறைந்தது. ஆடிக் கடைசியில் மார்க்கெட்டில் கிரேடோடு நின்றவளுக்கு லாரிப் புகையில் அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. கூடப் போயிருந்த நான் பயந்து பார்த்தேன். அவள் கிரேடை வண்டியில் வைத்துவிட்டு, "ஒண்ணும் ஆவலடி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவணி பிறந்தது. மணிமேகலை துணிப்பையோடு வந்து நின்றாள். காவேரி தலைகூட வாரவில்லை.

"நான் வரல அண்ணி."

"ஆஸ்பத்திரில சொல்லியாச்சு" என்றான் மாதேஷ்.

"சொன்னவங்க போயி படுத்துக்குங்க."

சத்தம் கேட்டு நான் உள்ளே போனேன். மணிமேகலைக்கு முகம் கடுத்திருந்தது. "பொம்பளைக்கு இத்தன திமிரு ஆவாது. ஊருல எல்லாரும் எடுத்துக்கல? நான் எடுத்துக்கல?"

"எடுத்தீங்க அண்ணி. உங்களுக்கு நின்னுச்சா?"

மணிமேகலை தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

"நிக்கல" என்றாள். "அப்பிடியேதான் இருக்குது. அறுத்துக்கிட்டு வந்தப்பறம் நிக்கலன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது?"

அவளை நாலு வார்த்தை கேட்கத்தான் எனக்கு நாக்கு துடித்தது. தனக்குச் சரியாகவில்லை என்று தெரிந்தே தம்பி பெண்டாட்டியை அதே ஆபரேஷன் மேசையில் ஏற்றப் பார்த்தாளே! ஆனால் காவேரி திட்டவில்லை. மாதேஷை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பாயை உதறி விரித்தாள்.

"படுங்க அண்ணி. உங்களுக்கும் வழி இருக்கும், பாரதி வந்ததும் பாக்கச் சொல்றேன்."

மணிமேகலை புடவையைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தாள். வெளியிலிருந்து மாதேஷ் குரல் கொடுத்தான்.

"ஆஸ்பத்திரில கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

"ரெண்டு பேருக்கும் வூட்டுல வேல இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள் காவேரி.